சாரலுக்கு வட்டம் தெரியாது

ஆனி மாதக் கடைசி. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேற்கே குற்றாலத்து மலை தெரியவில்லை, முழுக்க மேகம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கேரளாவுக்குப் போகிற லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு எப்படியோ கூடங்குளத்துக்குப் போனது. மூணாவது உலை, நாலாவது உலை எப்போ ஓடும் என்று யாரோ கேட்டார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கடைக்கார அண்ணாச்சி கையமர்த்தினார்.

"ஏம்வே, கூடங்குளம் எங்க கெடக்கு, குத்தாலம் எங்க கெடக்கு? அது கடக்கரைச் சோலி. நமக்கு என்ன வந்துச்சி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஏனென்றால் 2012-ல் நானே அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

அப்போது தென்காசி தனி மாவட்டம் இல்லை. 2019 நவம்பர் 22 வரைக்கும் குற்றாலமும் கூடங்குளமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம், ஒரே கலெக்டர். 2011 ஆகஸ்டில் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு ஜனங்கள் உட்கார்ந்தார்கள். 2012 செப்டம்பர் 10-ஆம் தேதி கடற்கரையில் போலீஸ் தடியடி, கண்ணீர்ப்புகை. அதே நாளில் மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. நாங்கள் என்ன செய்தோம்? கிணற்று மோட்டார் ஓடக் கரண்ட் இல்லாமல், "நெல்லு கருகுது, இவங்க உலையத் திறக்க விட மாட்டேங்காங்க" என்று ஆத்திரப்பட்டோம். அவர்கள் மீனவர்கள், நாங்கள் சம்சாரிகள். அவர்கள் கும்பிடுவது மாதாவை, நாங்கள் கும்பிடுவது காசி விசுவநாதரை. இடையில் நூறு கிலோமீட்டர். அந்த நூறு கிலோமீட்டர் எங்களுக்கு வசதியாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த நூறு கிலோமீட்டரைப் பற்றியது.

*

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தென்காசி மண்ணில் கதிர்வீச்சு நஞ்சு கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. குற்றாலத்து அருவியில் தாராளமாகக் குளியுங்கள். கூடங்குளத்து உலை செர்னோபில் உலை மாதிரி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். செர்னோபிலில் உலைக்கு மேல் கெட்டியான காப்புக் கட்டடமே கிடையாது. கூடங்குளத்தில் அது உண்டு. உருகிய எரிபொருளைக் கீழே ஏந்திப் பிடிக்கத் தனியே ஓர் அமைப்பும் வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்தே தீரும் என்று சாபம் விடுவது என் வேலையல்ல.

என் கேள்வி வேறு. விபத்து என்று ஒன்று நடந்தால் யாருக்கு நஷ்டம் என்பதை ஒரு காம்பஸை வைத்து வட்டம் போட்டு முடிவு செய்திருக்கிறார்களே, அந்தக் காம்பஸை யார் கையில் கொடுத்தது?

கூடங்குளத்தைச் சுற்றி 5 கிலோமீட்டரில் ஒரு வட்டம், அதற்குள் ஜனத்தொகை பெருகக்கூடாது. 16 கிலோமீட்டரில் இன்னொரு வட்டம், அவசரகாலத் திட்டம் அதற்குள்தான். 30 கிலோமீட்டரில் மூன்றாவது வட்டம், அணுசக்தித் துறையின் சுற்றுச்சூழல் ஆய்வகம் அந்தச் சுற்றளவில்தான் மண், தண்ணீர், பால், மீன் எல்லாம் எடுத்துச் சோதிக்கிறது. தென்காசி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எந்த வட்டத்திலும் நாம் இல்லை. நமக்கு ஒத்திகையும் இல்லை, அளவீடும் இல்லை, நோட்டீஸும் இல்லை. காகிதத்தில் பார்த்தால் நாம் பத்திரமாக இருக்கிறோம்.

1986-ல் பிரிட்டனில் வேல்ஸ் மலையில் ஆடு மேய்த்தவர்களும் இப்படித்தான் பத்திரமாக இருந்தார்கள்.

*

செர்னோபில் வெடித்தது 1986 ஏப்ரல் 26. அங்கிருந்து வேல்ஸுக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். மே மாதத் தொடக்கத்தில் அந்த மேகம் பிரிட்டனைக் கடந்தபோது, சமவெளியில் வெயில் அடித்த ஊர்கள் தப்பின. மலைகளில் மழை பெய்தது. மழை சீசியத்தை வழித்துக்கொண்டு வந்து புல்லில் இறக்கியது. வடக்கு வேல்ஸ், கம்பிரியா, ஸ்காட்லாந்து என்று மழை பிடிக்கிற மலைகளெல்லாம் மாட்டிக்கொண்டன.

அரசாங்கம் ஜூன் 20-ஆம் தேதி ஆடு விற்கத் தடை போட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். கடைசித் தடை விலகியது 2012 ஜூனில். இருபத்தாறு வருஷம். தொடக்கத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பண்ணைகள், நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகள். அளவு மீறிய ஆட்டின் முதுகில் சாயம் அடித்து அனுப்பினார்கள், கசாப்புக்கு விற்க முடியாது. சோதனைக்காக ஆட்டைத் திரட்டிக் கொண்டுவரும் சிரமத்துக்குத் தலைக்கு 1.30 பவுண்டு கொடுத்தார்கள். பணவீக்கம் ஏறினாலும் அந்தத் தொகை ஏறவில்லை.

மூன்று வாரம் எப்படி இருபத்தாறு வருஷம் ஆனது? நிபுணர்கள் சமவெளிக் களிமண்ணை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்கு விடாது. ஆனால் அந்த மலையில் இருந்தது மட்கிய தழையும் புளிப்பும் நிறைந்த கரி மண். அது சீசியத்தைப் பிடித்து வைக்கவில்லை. புல் எடுத்தது, ஆடு தின்றது, புழுக்கையாய் மண்ணுக்குப் போனது, மறுபடியும் புல். பிரையன் வின் என்ற சமூகவியலாளர் கம்பிரியா இடையர்களிடம் போய்ப் பேசி இதையெல்லாம் எழுதினார். ஆட்டைப் பட்டியில் அடைத்து வைத்துச் சோதனை செய்தார்களாம். "மலையாட்டை அடைத்துப் போட்டால் இளைத்துப்போகும், உங்கள் சோதனை உருப்படாது" என்று இடையர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு சோதனையைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

இப்போது நம் மலையை நினைத்துப் பாருங்கள். ஆரியங்காவு கணவாய் வழியாக மேகம் நுழைவதால்தான் தமிழ்நாட்டில் பல இடங்கள் காய்கிற ஆனி, ஆடியில் நமக்குச் சாரல். சீசன் என்று ஊர் கொண்டாடுகிறது. மழை பிடிக்கிற மலை என்பது நமக்கு வரம். கதிர்வீச்சு மேகத்துக்கும் அதே மலைதான் வடிகட்டி. அதைக் காம்பஸ் வைத்திருப்பவரிடம் யாராவது சொன்னோமா?

*

"சரிதாம்வே, ஆனா காத்து அந்தத் திசையில அடிக்கணும்லா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தென்மேற்குப் பருவத்தில் கூடங்குளத்துக் காற்று கிழக்கே கடலுக்குப் போகும். வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலும் குமரிப் பக்கம் போகும். தென்காசிக்கு வர வேண்டுமானால் தெற்கு, தென்கிழக்கிலிருந்து அடிக்க வேண்டும். வருஷத்தில் பெரும்பாலான நாள் அப்படி அடிப்பதில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

புகுஷிமாவிலும் 2011 மார்ச்சில் பெரும்பாலான நாட்கள் காற்று பசிபிக் பக்கம்தான் வீசியது. மார்ச் 15-ஆம் தேதி திசை மாறியது. வடமேற்காக வீசிய காற்று இட்டாட்டே என்ற மலைக் கிராமத்தின் மேல் போனபோது மழையும் பனியும் விழுந்தன. உலையிலிருந்து அந்த ஊர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அரசாங்கம் காலி செய்யச் சொன்ன வட்டம் 20 கிலோமீட்டர். வீட்டுக்குள் இருக்கச் சொன்ன வட்டம் 30. இட்டாட்டேயின் பெரும்பகுதி இரண்டுக்கும் வெளியே. அதனால் கடற்கரையிலிருந்து ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தது அந்த ஊர். காற்று எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கிற கணினி அமைப்பு ஜப்பானிடம் இருந்தது. அதன் வரைபடத்தை முதன்முதலில் வெளியிட்டது மார்ச் 23-ஆம் தேதி. ஊரைக் காலி செய்யும் பகுதியாக அறிவித்தது ஏப்ரல் 22. சுமார் ஆறாயிரம் பேர். மாட்டுக்குப் பெயர்போன ஊர். ஊரின் பெரும்பகுதிக்குத் தடை நீங்கியது 2017 மார்ச் 31-இல். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் கிழவன் கிழவிகள்.

ஒரு பிற்பகல் காற்று, ஆறு வருஷம்.

நமக்கும் அப்படியான நாட்கள் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்த போக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் குமரிக்கடலில் நின்ற சுழற்சி காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணியும் சிற்றாறும் கரை உடைந்து ஓடின. அந்த மழைக்கு எந்தத் தாலுகா எல்லை தெரிந்தது? வானிலைக்காரர்களே திகைத்த ஒரு நாளில் காற்று எந்தப் பக்கம் சுழலும் என்று நூறு வருஷத்துக்கு எழுதிக்கொடுக்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது?

*

கதிர்வீச்சு என்றதும் நம் ஆட்கள் புற்றுநோயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இடிந்தகரைக் கூட்டங்களிலும் அதுதான் முதல் பேச்சு, உலைக்காரர்கள் பதில் சொல்வதும் அதற்குத்தான். எக்ஸ்ரேயில் இவ்வளவு, விமானத்தில் பறந்தால் இவ்வளவு, வாழைப்பழத்தில் இவ்வளவு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சம்சாரியின் கேள்வி அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. சம்சாரி கேட்பது, "எம் மண்ணு என்னாகும்? எம் பொருளை எவன் வாங்குவான்?"

மண்ணுக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். சீக்கிரம் தீர்ந்துவிடும். சீசியம்-137 பாதியாக முப்பது வருஷம். அதாவது ஒரு தலைமுறை உழுது முடித்த பின்னும் பாதி அங்கேயே இருக்கும். அது மேல் மண்ணில், ஐந்து சென்டிமீட்டருக்குள் தங்குகிறது. அதனால் ஜப்பானில் என்ன செய்தார்கள்? மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துக் கறுப்பு மூட்டையில் கட்டினார்கள். அப்படிச் சேர்ந்த மண் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். உலைக்குப் பக்கத்திலேயே குவித்து வைத்திருக்கிறார்கள். 2045-க்குள் புகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சட்டம். வாங்கிக்கொள்ள எந்த ஊரும் வரிசையில் நிற்கவில்லை.

மேல் மண் ஐந்து சென்டிமீட்டர் என்பது என்ன? உங்கள் தாத்தா கிடை போட்டது, அப்பா குளத்துக் கரம்பை அடித்தது, நீங்கள் கொழிஞ்சி மடக்கி உழுதது எல்லாம் அந்த ஐந்து சென்டிமீட்டர்தான். அதை எடுத்துவிட்டு மலையிலிருந்து வெட்டிய மண்ணைக் கொட்டி, "சுத்தம் பண்ணியாச்சு, வந்து வெள்ளாமை பாருங்க" என்றார்கள். சுத்தமாகத்தான் இருந்தது. பயிருக்குத்தான் அதில் ஒன்றுமில்லை.

இதில் எனக்குத் தாங்க முடியாத ஒரு சங்கதி உண்டு. எதையும் வீணாக்காமல், எல்லாவற்றையும் மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிற சம்சாரிதான் இதில் முதலில் அடிபடுகிறான். 2011 ஜூலையில் ஜப்பானில் மாட்டிறைச்சியில் சீசியம் கண்டுபிடித்தார்கள். மாடு தொழுவுக்குள்தான் நின்றது. தின்ற வைக்கோல் வயலில் வெளியே கிடந்தது. அந்த வைக்கோல் உலைக்குப் பக்கத்து வைக்கோல்கூட இல்லை. 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஷிராகாவாவிலிருந்தும், இன்னும் தூரத்தில் மியாகி மாநிலத்திலிருந்தும் வந்தது. தழைமட்கு உரம் விற்கத் தடை வந்தது. விறகுச் சாம்பலில் சீசியம் திரண்டு நின்றது, அதை உரமாகப் போடாதே என்றார்கள். பாசனக் குளங்களின் அடி வண்டலில் போய்ப் படிந்தது, தூர்வாரப் பயந்தார்கள்.

நம் ஊருக்கு இதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வைக்கோல் படப்பு, அடுப்புச் சாம்பல், எருக்குழி, கோடையில் குளத்தில் அள்ளுகிற கரம்பை. சிற்றாற்றுக் கால்வாய்களில் வரிசையாகக் கோத்துக் கிடக்கிற நம் குளங்கள் மேற்கு மலையில் விழுகிற ஒவ்வொரு சொட்டையும் பிடித்து வைக்கத்தானே கட்டினார்கள்? விழுந்தது மழையாக இருக்கும் வரைக்கும் அது புத்திசாலித்தனம். விழுந்தது வேறாக இருந்தால் அதே குளம் அதையும் பிடித்து வைக்கும். கடையில் மூட்டை உரம் வாங்கிப் போடுகிறவன் தப்பிப்பான். சொல்லப்போனால் சீசியத்தைப் பயிர் எடுக்காமல் தடுக்க ஜப்பானில் வயலுக்கு வாரிப் போட்ட மருந்தே பொட்டாஷ் உரம்தான். இயற்கை விவசாயத்துக்கு மேடை போட்டு மாலை வாங்கிக்கொள்கிற நம் நண்பர்கள் எத்தனை பேர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறார்கள்?

*

அடுத்தது பெயர். எனக்கு மண்ணைவிட இதுதான் பயம்.

2011 அக்டோபரில் புகுஷிமா ஆளுநர் தங்கள் மாநில அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தார். நவம்பரில் உலையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிற ஓனாமி என்ற இடத்து அரிசியில் அப்போதைய வரம்பான 500 பெக்கரலைத் தாண்டியது தெரிந்தது. அவ்வளவுதான். அறுவடையான ஊர் முழுக்க அரிசியின் பெயர் போயிற்று. 2012-லிருந்து வரம்பைக் கிலோவுக்கு 100 பெக்கரலாகக் குறைத்தார்கள். மாதிரி எடுத்துப் பார்க்கவில்லை, ஒவ்வொரு மூட்டையையும் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த வருஷம் 1 கோடிக்கு மேற்பட்ட மூட்டைகளில் 71 மூட்டைதான் தேறவில்லை. 2015-லிருந்து ஒன்றுகூட வரம்பை மீறவில்லை. உலகத்திலேயே இவ்வளவு சோதிக்கப்பட்ட அரிசி கிடையாது. ஆனாலும் விலை இறங்கியது. வாங்கினவர்கள் ஊர்ப்பெயரைச் சொல்லாமல் ஹோட்டலுக்கு விற்றார்கள். இதற்கு ஜப்பானிய மொழியில் தனியாக ஒரு சொல்லே உண்டு: வதந்தியால் வருகிற நஷ்டம் என்று பொருள்.

தடை வந்த மறுநாள், இயற்கை முறையில் முட்டைக்கோஸ் போட்டிருந்த ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார். விளைந்த கோஸ் எல்லாம் வயலிலேயே நின்றது. அவரைக் கதிர்வீச்சு கொன்றது என்று எந்த அறிக்கையிலும் வராது.

இப்போது பாவூர்சத்திரத்துக்கு வருவோம். நம் கத்தரி, வெண்டை, தக்காளி, சின்ன வெங்காயம், புளியங்குடி எலுமிச்சை, சங்கரன்கோவில் பூ எல்லாவற்றுக்கும் புளியரை செக்போஸ்ட்தான் வாசல். ஓணத்துக்குக் கேரளா வாங்கினால் நமக்கு விலை, வாங்காவிட்டால் மாட்டுக்குப் போடு. 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று கேரள அரசு பிரச்சினை கிளப்பியபோது வியாபாரிகள் எப்படிக் கலங்கினார்கள் என்பது நினைவிருக்கும். பூச்சிமருந்தாவது அடிக்காமல் விடலாம், கழுவலாம், பத்து நாள் பொறுத்துப் பறிக்கலாம். "கூடங்குளத்துப் பக்கத்துக் காய்" என்று ஒரு மலையாள சேனல் ஒரே ஒரு நாள் சொன்னால் என்னத்தைக் கழுவுவீர்கள்? கொச்சியில் காய் வாங்குகிறவளுக்குத் தென்காசிக்கும் ராதாபுரத்துக்கும் இடையில் நூறு கிலோமீட்டர் இருப்பது தெரியுமா? அவளைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளைக்குச் சோறு போடுகிறவள் பெக்கரல் கணக்குப் பார்க்க மாட்டாள்.

ஆகவே அண்ணாச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். கூடங்குளம் எங்கே கிடக்கிறது என்றா கேட்டீர்கள்? உங்கள் கடைச் சிட்டையில் கிடக்கிறது.

*

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்பவர்களுக்கு நம் நாட்டுக் கதை ஒன்று. ஆந்திராவில் கடப்பைப் பக்கம் தும்மலபள்ளேயில் யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. அதன் கழிவுக் குட்டையை ஒட்டிய கொட்டாலா ஊர் விவசாயிகள், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கெட்டது, வாழை கருகுகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நோட்டீஸ் கொடுத்தது. யுரேனியக் கழகம் எங்களால் இல்லை என்கிறது. யார் சொல்வது சரி என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. ஏன் முடியவில்லை? யுரேனியம் கிடக்கிற பூமியில் தண்ணீரில் அது முன்பே எவ்வளவு இருந்தது, பிறகு எவ்வளவு ஏறியது என்பதற்கு இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிற பழைய அளவு விவசாயி கையில் இல்லை.

சம்சாரிக்கு இது புரியும். பட்டா இல்லாதவன் எல்லைத் தகராறில் ஜெயிக்க முடியாது.

நமக்கும் பட்டா இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால், "இது அந்தக் காலத்து அணுகுண்டுச் சோதனையில் விழுந்தது, இது பாறையிலேயே இருப்பது" என்று சொல்லிவிடுவார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். மணவாளக்குறிச்சி மணலில் இயற்கையாகவே தோரியம் இருப்பது உலகத்துக்கே தெரியும். 2010-ல் போட்ட இழப்பீட்டுச் சட்டம் உலை நடத்துபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி என்று வரம்பு கட்டியது. சட்டம் மாறலாம், தொகை ஏறலாம். நிரூபிக்க முடியாதவனுக்கு அந்தத் தொகை எவ்வளவாக இருந்தால் என்ன?

"அப்போ கரண்டே வேண்டாமா?" என்று அடுத்து கேட்பார்கள். வேண்டும். நிலக்கரிப் புகையும் ஆளைக் கொல்கிறது, அதையும் மறைக்கவில்லை. சாரலைக் கொண்டுவருகிற இதே கணவாய்க் காற்றில்தான் நம் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன என்பதையும் ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறேன். ஆனால் அந்த விவாதத்தில் நான் இப்போது இறங்கவில்லை. உலை வேண்டும் என்பவரும் என்னோடு நிற்கக்கூடிய இடத்தில் நின்று பேசுகிறேன். உலை அவ்வளவு பத்திரமானது என்றால், பத்திரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில் என்ன தயக்கம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

தென்காசி மாவட்டத்தின் வயல் மண், குளத்து வண்டல், மலையடிவாரத் தோப்பு மண், பசும்பால், வைக்கோல், சாரல் நீர் எல்லாவற்றிலும் இன்றைக்கு சீசியம் எவ்வளவு, ஸ்ட்ரான்சியம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். இன்றைக்கு, ஒன்றும் ஆகாதபோதே. வருஷா வருஷம் திரும்ப அளக்க வேண்டும். அளப்பது அணுசக்தித் துறை மட்டுமாக இருக்கக்கூடாது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. நம் வயலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற அந்த மையத்துக்கு இதற்கான கருவியும் ஆளும் பணமும் கொடுங்கள். முடிவைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் படியுங்கள். ஜப்பானில் விபத்துக்குப் பிறகு சாதாரண ஜனங்கள் கருவி வாங்கி அளந்து வரைபடம் போட்டார்கள். நாம் முன்னாலேயே செய்வோம்.

அடுத்தது, வதந்தியால் விலை விழுந்தாலும் அது நஷ்டம்தான் என்று சட்டத்தில் எழுத வேண்டும். ஜப்பானில் 2011-லேயே இழப்பீட்டு நெறிமுறையில் அதைச் சேர்த்துவிட்டார்கள். கத்தரிக்காயில் ஒன்றுமில்லை, ஆனால் லாரி திரும்பி வந்துவிட்டது என்றால் அதற்கும் காசு வர வேண்டும். மூன்றாவதாக, காற்று திரும்பினால் யார், எந்த போனில், எத்தனை மணி நேரத்தில் நமக்குச் சொல்வார்கள் என்பது 16 கிலோமீட்டருக்கு வெளியே இருக்கிற பஞ்சாயத்துகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாடு தொழுவுக்குள், வைக்கோல் தார்ப்பாய்க்குள், குளத்து மடை அடைப்பு. இவ்வளவு செய்ய ஆறு மணி நேரம் போதும். இட்டாட்டேக்காரர்களுக்கு அந்த ஆறு மணி நேரம் கிடைக்கவில்லை.

இதை யாரிடம் கேட்பது? முதலில் நம்மிடமே. 2012-ல் இடிந்தகரைப் பந்தலுக்கு நம் ஊரிலிருந்து ஒரு லோடு காய்கறி அனுப்பியிருந்தால்கூட இன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு இரண்டு கை கூடுதலாக இருந்திருக்கும். அனுப்பவில்லை. அது கடற்கரைச் சோலி என்றோம்.

போன வாரம் மறுபடியும் மார்க்கெட்டுக்குப் போனேன். இந்தக் கதையில் பாதியை அண்ணாச்சியிடம் சொன்னேன். வேல்ஸ் ஆட்டுக்கு முதுகில் சாயம் அடித்த இடம் வந்தபோது தராசைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

"மண்ணை அளக்கதுக்கு எவ்வளவு ஆகும்வே?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அடுத்த கிராம சபைக்கு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.